மொரிஷியஸ் தட்டும் ஜீவனஹள்ளித் தப்பும்

மாமனாரின் வலது காதுக்குள் ஒரு கட்டி. அதை எடுக்கத்தான் பெங்களூருக்கு வந்தோம். மொரிஷியஸில் கொஞ்சம் பெரிய வைத்தியம் என்றாலே "இந்தியா போய்ட்டு வா" என்று சொல்லிவிடுவார்கள். நான் ஜீவனஹள்ளியில் வளர்ந்தவள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தீவில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே கூட வரும் வேலை என் தலையில் விழுந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லையாம். எனக்கு மட்டும் மரத்தில் காய்க்கிறது.

மாமனார் பெயர் ஆறுமுகம். அங்கே 'ஆர்மூகம்' என்று எழுதுவார்கள். வயது எழுபத்தாறு. முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். ஐந்தாறு தலைமுறையில் தமிழ் கரைந்து, இவரிடம் மிஞ்சியிருப்பது 'வணக்கம்', 'தண்ணி', 'அரோகரா' ஆகிய மூன்று சொற்கள்தான். வீட்டுப் பேச்சு பிரெஞ்சு கலந்த கிரியோல். இங்கே அவர் பேசுவதாக வருவதெல்லாம் நான் தமிழாக்கியது.

திங்கட்கிழமை வந்து இறங்கினோம். ஹெப்பாள் மேம்பாலத்தில் நின்ற நேரத்தில் எங்கள் தீவை வடக்கிலிருந்து தெற்குக் கோடிவரை கடந்திருக்கலாம். மாமனார் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"இவ்வளவு பேரும் எங்கே போகிறார்கள்?"

"வீட்டுக்கு, பப்பா."

"போய்ச் சேருவார்களா?"

ஜீவனஹள்ளியில் ஜெயராஜ் அண்ணன் வீட்டில் தங்கல். அண்ணன் லேத் பட்டறையில் கடைசல் பிடிக்கும் டர்னர். நாங்கள் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். சுரங்கத்தில் பிழைப்பு இல்லையென்று ஆனபிறகு அப்பா எங்களை இங்கே அழைத்துவந்துவிட்டார். அண்ணி கேழ்வரகுக் களியும் கோழிக்குழம்பும் செய்திருந்தாள். மாமனார் களியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ரொட்டி இருக்கிறதா என்றார். அண்ணிக்கு முகம் சுண்டிவிட்டது. அரை மணி கழித்து அவரே இரண்டாவது உருண்டை கேட்டதும்தான் வீட்டில் அமைதி திரும்பியது.

செவ்வாய் காலை தெருமுனை டிபன் கடை. அங்கே மசால் வடையைப் பார்த்ததும் மாமனாருக்கு ஒரே குஷி. மொரிஷியஸில் அதே வடை உண்டு. பெயர் 'காத்தோ பிமா', அதாவது மிளகாய் கேக். அதை ரொட்டிக்குள் வைத்துத்தான் தின்பார்கள். இவர் பக்கத்து பேக்கரியில் பன் வாங்கிவந்து, இரண்டாகப் பிளந்து, நான்கு வடையை உள்ளே திணித்து அமுக்கினார். ஒரு காபியை 'பை-டூ' என்று பாதிப் பாதியாகக் குடித்துக்கொண்டிருந்த இருவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "எந்த ஊர் பழக்கம் இது?" என்று ஒருவர் கன்னடத்தில் கேட்டார். சொன்னேன். "பார்க்க நம்ம சேலத்துக்காரர் மாதிரி இருக்கார்" என்று வருத்தப்பட்டார்.

மருத்துவமனையில் நர்ஸ் "ஆர்மோகம்! ஆர்மோகம்!" என்று நாலு தடவை கூப்பிட்டாள். எங்களைத்தான் என்று ஐந்தாவது தடவை புரிந்தது. டாக்டரம்மா பொறுமைசாலி. கட்டியை எடுத்தே ஆகவேண்டும், வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம், உயிருக்குப் பயமில்லை, ஆனால் அந்தக் காதில் கேட்கும் சக்தி நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். நான் அதைக் கிரியோலில் சொன்னேன். அவருடைய இடது காது என்றோ போய்விட்டது. வாத்தியக் குழுவில் இருந்த காலத்தில் ஸ்பீக்கர் அந்தப் பக்கம்தான் நிற்குமாம். ஆக, வெள்ளிக்குப் பிறகு அவருக்கு எந்தச் சத்தமும் இல்லாமல் போகலாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ரெக்கார்ட் பிளேயர் கிடைக்குமா?"

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். துண்டுக்குள் சுற்றிய சின்ன இசைத்தட்டு ஒன்று, நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றுவது. உறையில் அகலக் காலர் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள். ஒருவர் இவர், கையில் கட்டைக்குரல் பேஸ் கிட்டார். மற்றவர் தம்பி வீரப்பென், கையில் 'ரவான்'. அது ஆட்டுத்தோல் கட்டிய வட்டமான பெரிய கைமேளம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அந்தத் தீவுக்குக் கொடுத்த செகா ஆட்டத்துக்கு அதுதான் முதுகெலும்பு. எழுபதுகளில் அமெரிக்காவிலிருந்து ஃபங்க் இசை வந்து செகாவோடு கலந்தபோது, மின்சாரக் கிட்டாரும் ஆர்கனும் ரவானின் பக்கத்தில் வந்து நின்றன. அண்ணனும் தம்பியும் சேர்ந்து போட்ட ஒரே தட்டு இது.

தட்டு வெளிவந்த கையோடு ஒரு கல்யாணத்தில் யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள், பாட்டின் நடுவில் ஒருவர் தாளம் தடுக்கி விழுகிறார் என்று. இவர் தம்பியைச் சொன்னார். தம்பி இவரைச் சொன்னார். அதோடு குழு உடைந்தது. இவர் தன்னிடமிருந்த தட்டைச் சுவரில் அடித்து உடைத்தார். இரண்டு தெரு தள்ளித்தான் தம்பி வீடு. ஆனாலும் நல்லது கெட்டதில் தலையை ஆட்டுவதோடு சரி. போன வருஷம் வீரப்பென் இறந்தார். பதினாறாம் நாள் அவர் மனைவி லூர்த் இந்தத் தட்டைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் மாமனார் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளை நாங்கள் தாந்தீன் என்போம், சித்தி என்று அர்த்தம்.

"அங்கேயே கேட்டிருக்கலாமே, பப்பா?"

"பயமாக இருந்தது" என்றார். "இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆபரேஷனுக்கு வந்த இடத்தில் ஐம்பது வருஷத்துப் பஞ்சாயத்து! அதோடு, செகா என்றால் எனக்கு ஓட்டல் வாசலில் பூப்போட்ட பாவாடைகள் சுழல்வதுதான். இருபத்திரண்டு வருஷமாக நான் மாமனாரிடம் அதிகம் சொன்ன வாக்கியம் 'சத்தத்தைக் குறைங்க' என்பதாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கேட்ட விதத்துக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

புதன் முழுக்க அலைச்சல். அல்சூரில் ஒரு பழைய ரேடியோக் கடை. வரிசையாகப் பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன்கள். ஆசையாகக் கேட்டால், "எல்லாம் ஷோவுக்கு மேடம், ஓட்டலுக்கு வாங்கிட்டுப் போவாங்க. ஒண்ணும் பாடாது" என்றார் கடைக்காரர். தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பைத்தியம் புடிச்ச ஒரு பையன் ஈஜிபுராவுல இருக்கான். அவன்கிட்ட போங்க" என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

ஈஜிபுரா என்றதும் மூன்று ஆட்டோக்கள் நிற்காமல் போய்விட்டன. நாலாவது நின்று, பெயரைக் கேட்டுவிட்டுப் போனது. பஸ் ஏறினோம். உள்ளே எள் போட்டால் விழாத கூட்டம். மாமனார் தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாமி படமா?" என்று ஓர் அம்மாள் கன்னடத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே எழுந்து அவருக்கு இடம் கொடுத்து, துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமி மன்னிக்கட்டும்.

ஈஜிபுராவில் நான்காவது கிராஸ் தெரு என்று ஒன்று இருந்தால் பரவாயில்லை. நாங்கள் பார்த்தவரை இரண்டு இருந்தன, இரண்டிலும் அதே எண் வீடு. முதல் வீட்டில் ஒரு தையல்காரர் எங்களை பிளவுஸ் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து அரை மணி நேரம் பீரோவைக் குடைந்தார்.

இரண்டாவது வீட்டில் கார்த்திக் இருந்தான். திருப்பூர்ப் பையன், ஐ.டி. கம்பெனி, முப்பது வயது இருக்கும். கதவைத் திறந்ததும் உறையைப் பார்த்தான். "இது எங்கீங்க கெடச்சுது?" என்றான். மாமனாரைப் பார்த்தான். மறுபடி உறையைப் பார்த்தான். "ஐயோ, சார்தானுங்களா இது!"

அவன் அறையில் ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள். அதில் ஒரு வரிசை எங்கள் தீவு, பக்கத்து ரீயூனியன் தீவு. ரவானைத் தீயில் காட்டித்தான் தோலை இறுக்குவார்கள் என்பதுவரை சொன்னான். நான் இருபத்திரண்டு வருஷம் அந்த ஊர் உப்பைத் தின்றவள், எனக்கு அதில் பாதி தெரியாது. வெட்கமாக இருந்தது.

பிளேயர் இருந்தது. ஆனால் தட்டு அதில் உட்காரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அச்சடித்த தட்டு. நடுவில் பெரிய ஓட்டை. நம் ஊர்ச் சின்னத் தட்டு போல பிளேயரின் நடு ஆணி ஓட்டைக்குச் சரியாக இருக்காது. நடுவில் வைக்க ஒரு வில்லை வேண்டும். கார்த்திக்கிடம் அது இல்லை. ஆன்லைனில் போட்டால் திங்கட்கிழமை வரும் என்றான். மாமனார் அட்டையை வெட்டி வைக்கலாமே என்றார். "வேண்டாமுங்க சார். மயிரிழை நகந்தாலும் சுருதி அலையும். அப்புறம் யாரு தடுக்குனாங்கன்னு எப்படிங்க தெரியும்?" கதை முழுவதையும் நான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் ஓட்டையின் அளவைச் சொன்னேன்.

"எதுல அளந்த?"

"கார்த்திக் வீட்டு ஸ்கேல்ல."

"ஸ்கேல்லயா? இன்னா செல்வி நீ! ஜாமெட்ரி பாக்ஸா போட்டுகினு வந்துகிற? தட்டைக் கொண்டா."

வியாழன் காலை மூவரும் பட்டறைக்குப் போனோம். அண்ணன் வெர்னியர் அளவுகோலால் ஓட்டையை மூன்று பக்கம் அளந்தார். மிச்சம் கிடந்த நைலான் கம்பியில் ஒரு துண்டை லேத்தில் மாட்டினார். வெள்ளைச் சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. போட்டுப் பார்த்தார், "அரை நூல் ஜாஸ்தி" என்று மறுபடி சீவினார். கடைசியில் வில்லை ஓட்டைக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அந்தத் திருப்தியில் அண்ணன் மேசை விளிம்பில் விரல்களால் ஒரு தாளம் தட்டினார்.

மாமனார் அந்த விரல்களையே பார்த்தார். "உன் அண்ணன் மேளக்காரரா?"

தங்கவயலில் சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்பு அடித்தவர் என் அண்ணன். தப்பு என்றால் பறைதான், அதுவும் தீயில் காய்ச்சி அடிக்கும் தோல்மேளம். மாமனார் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று அந்தத் தப்பைப் பரண்மேல் போர்வை போட்டு மூடி வைத்தோம். பறையடிக்கிறவன் தங்கை என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று அப்பாவுக்குப் பயம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்து, இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது சொன்னேன்.

மாமனாருக்குக் கோபம் வந்தது, ஆனால் வேறு கோபம். "ரவான்காரர் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சொல்லவில்லையா நீ!"

கொஞ்ச நேரம் கழித்து, "இவரும் வரட்டும்" என்றார். "என் காதை நான் நம்பவில்லை. ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம். இவர் யார் பக்கமும் இல்லை. நானே அவரிடம் கேட்கிறேன். பிழை யாருடையது என்பதற்குத் தமிழில் என்ன?"

"தப்பு யாருது?" என்று சொல்லிக்கொடுத்தேன். ஆட்டோவில் ஈஜிபுரா போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எழுபத்தாறு வயதில் அவர் கற்ற நாலாவது தமிழ் அது. டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்து, "நான் சரியாத்தான் போறேன் சார்" என்றார்.

சாயங்காலம் ஐந்தரை மணி. கார்த்திக் வில்லையை வைத்து, தட்டை வைத்து, முள்ளை இறக்கினான். மாமனார் நாற்காலியை இழுத்துப்போட்டு வலது காதை ஸ்பீக்கரை ஒட்டி வைத்துக்கொண்டார். முதலில் கிட்டார் வந்தது, வாத்து கத்துவதுபோல வாயைத் திறந்து மூடும் ஒலி. அதன் கீழே ரவான், மூன்று மூன்றாக உருளும் அடி. "தோலு செமயா காஞ்சிருக்கு" என்றார் அண்ணன். பிறகு பேஸ் கிட்டார். அது நடக்கவில்லை, இடுப்பை ஒடித்து ஒடித்து வந்தது. அதன்மேல் ஒரு வாலிபக் குரல், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பெண்ணைக் கேலி செய்து பாடியது.

"வீரப்பென்" என்றார் மாமனார். அடித்துக்கொண்டே பாடியதும் தம்பிதான்.

எனக்குக் கால் தானாக ஆடியது. ஒளிப்பானேன், அந்தப் பாட்டு எனக்குப் பிடித்துவிட்டது. ரவான் ஒன்று சொல்ல, பேஸ் குறுக்கே பேச, ரவான் விடாமல் தொடர, இரண்டு பேர் மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டே ஒரே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. இதைத்தான் இத்தனை வருஷமும் குறைக்கச் சொன்னேனா என்று நெஞ்சு சுட்டது.

இரண்டாவது சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்றது. ரவான் மட்டும் உருண்டது. சட்டென்று பேஸ் உள்ளே வந்தது, ஏதோ ஓர் எகிறல், பாட்டு மறுபடி ஓடியது. "அந்த எடந்தானுங்க உசுரு" என்று கார்த்திக் துள்ளினான். மாமனார் அவனைப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, பாடம் ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"தப்பு... யாருது?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "தப்பு பிரமாதம் மாமா! தப்பு இல்லேன்னா இந்தப் பாட்டே இல்ல."

நான் சொல்லுக்குச் சொல் கிரியோலாக்கினேன். பிழை அருமை என்கிறார். பிழை இல்லாவிட்டால் இந்தப் பாட்டே இல்லையாம். மாமனாரின் முகம் மெல்ல விரிந்தது. ஐம்பது வருஷத்து முடிச்சை யாரோ ஒரே இழுப்பில் அவிழ்த்த மாதிரி, "அப்படியா சொல்கிறார்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் சொன்ன தப்பு வேறு. அது மேளம்.

தமிழ் வாத்தியார் செய்கிற காரியமா இது! அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. மறுநாள் ஆபரேஷன், பெரியவர் சந்தோஷமாக இருக்கிறார், யாருக்கு நஷ்டம்? ஆனால் அவர் ஆறுதல் கேட்டு இங்கே வரவில்லை. தீர்ப்பு கேட்டு வந்தார்.

"அண்ணா, நீ எந்தத் தப்பச் சொல்ற?"

"அடிக்கிற தப்பு. வேற எது?"

"அவர் கேட்டது பிசகைப் பத்தி. பிசகு யாருது?"

"ஓ." அண்ணன் மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். "இன்னொரு தபா போடுப்பா."

கார்த்திக் போட்டான். அண்ணன் தொடையில் எண்ணினார். அந்த இடம் வந்து போனது. மறுபடி போடச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பிசகு இவர் கிட்டாருதாம்மா. ரெண்டு சுத்து விட்டு வரணும், ஒரு சுத்துலயே வந்துட்டார். ஆனா அந்தத் தப்புக்காரன் கில்லாடி. நெனச்சிருந்தா இவரை அங்கயே அம்போன்னு விட்டுட்டு, தன் கணக்குல அடிச்சினு போயிருக்கலாம். பிசகு யாருதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். அவன் அப்டி பண்ணல. தன் உருட்டைப் பாதியில முறிச்சுகினு இவர் பக்கத்துல வந்து குந்திகினான். அதான் அவன் தடுக்குன மாதிரி கேக்குது."

இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்துச் சொன்னேன்.

மாமனார் ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து, இன்னும் ஒரு தடவை என்று விரலைக் காட்டினார். பாட்டு முடிந்து, முள் உரசும் சத்தம் மட்டும் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.

"நான்தான்" என்றார். "அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவனை ஊர் முழுக்கக் காட்டிக்கொடுத்தேன்." அழுதார். கார்த்திக் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

வெள்ளி காலை எட்டு மணிக்கு அவருக்குப் பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் லூர்த் தாந்தீனுக்கு போன் போடச் சொன்னார். அங்கே ஆறரை மணிதான் ஆகியிருக்கும். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். செவிடர்களுக்கே உரிய உரத்த குரலில், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க, சொன்னார்: "லூர்த், பாட்டைக் கேட்டேன். பிழை என்னுடையது. வீரப்பென் பேரில் ஒன்றுமில்லை."

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. பிறகு தாந்தீன் பேசினாள், மெதுவாக. மாமனாருக்கு எட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொல்கிறாள்?"

நர்ஸ் வந்து கட்டிலின் பூட்டை விடுவித்தாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பிவைக்கலாம்தான். ஆனால் அவள் சொன்னது அது இல்லை. கட்டில் கூடவே நடந்தபடி நான் குனிந்து, அவருடைய வலது காதில் வாயை வைத்து, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"அது அவருக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் வந்து சொல்வீர்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு தெருதானே. இதைச் சொல்ல இந்தியா வரைக்கும் போகவேண்டுமா?"